மண்டபம் முகாமில் வேரூன்றிய கடல் கணக்கு

நாடு விடுதலை பெறுவதற்கு ஆறு மாதங்கள் முன்பு, 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பெற்றது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். முதலில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் இயங்கி, 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கடலாய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. 1967இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. மண்டபம் இன்றும் அதன் முக்கிய மையங்களுள் ஒன்று.

என்.கே. பணிக்கர், எஸ். ஜோன்ஸ் போன்ற இயக்குநர்கள் காலத்தில் அடிப்படைப் பணிகள் வேகம் பெற்றன. எந்த மீன் எப்போது சினை பிடிக்கிறது, எதைத் தின்கிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது என்று இனம் இனமாக ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வுகளை வெளியிட 1954இல் மீன்வள ஆய்விதழ் தொடங்கியது. 1958இல் மண்டபத்திலேயே இந்தியக் கடல் உயிரியல் சங்கமும் உருவானது.

ஆனால் இந்நிறுவனத்தின் தலையாய கொடை கரையில் எடுக்கும் கணக்குதான். கடலுக்குள் இருக்கும் மீனை எண்ண முடியாது. கரைக்கு வருவதை அளக்கலாம். கடற்கரையை மண்டலங்களாகப் பிரித்து, இறங்குதளங்களையும் நாட்களையும் குலுக்கல் முறையில் தேர்ந்து, அன்று கரை சேரும் படகுகளில் சிலவற்றின் பிடிப்பை இனவாரியாகக் குறித்து, அதிலிருந்து மாநிலத்தின் மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். வெயிலிலும் மழையிலும் ஏலக்கூடத்தில் நிற்கும் கள ஊழியர்களின் உழைப்பே இதன் அடித்தளம்.

அந்தக் கணக்கு ஒரு தொழிலின் வரலாற்றையே சொல்கிறது. 1950களின் தொடக்கத்தில் இந்தியாவின் கடல் மீன் பிடிப்பு ஏறத்தாழ 5 லட்சம் டன். கட்டுமரமும் வள்ளமும் கோலோச்சிய கடலில் விசைப்படகும் இழுவைமடியும் வந்தன. நைலான் வலையும் பனிக்கட்டி ஆலையும் வந்தன. இறால் ஏற்றுமதி பெருகியது. 2012இல் பிடிப்பு 39 லட்சம் டன்னைத் தொட்டது. அதன்பின் உயரவில்லை, 2022, 2023 ஆண்டுகளில் 35 லட்சம் டன் அளவில் நின்றது. படகும் குதிரைத்திறனும் கூடியும் மீன் கூடவில்லை. டீசல் செலவை ஈடுகட்டச் சிறு கண்ணி மடியால் வாரிய குஞ்சு மீன்கள், சங்காயமாக, அதாவது கழிவு மீனாக, தீவன ஆலைக்குப் போகின்றன. வளர்ந்து விலைபோக வேண்டிய மீன் அது.

கேரளத்து மத்தி தெளிவான எச்சரிக்கை. 2012இல் அங்கே ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 4 ஆயிரம் டன்னுக்கும் கீழே இறங்கியது. கடலின் தட்பவெப்ப மாற்றத்துக்கும் இதில் பெரும் பங்குண்டு. அதை நாம் கட்டுப்படுத்த இயலாது. ஆனால் குஞ்சு பிடிப்பதை நிறுத்த இயலும். நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்றுக் கேரளம் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவைச் சட்டமாக்கியது. மத்திக்கு அது 10 செ.மீ. ஆனால் கரையோர 12 கடல் மைல் அந்தந்த மாநிலத்தின் ஆளுகையில் இருக்கிறது. மீனுக்கோ மாநில எல்லை கிடையாது. ஒரு மாநிலம் காத்த குஞ்சை அடுத்த மாநிலத்து மடி வாரினால் சட்டம் பயனற்றுப் போகும்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. 1973இல் தூத்துக்குடி அருகே க. அழகர்சாமி குழுவினர் முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். 2010இல் மண்டபத்தில் கடல் விரால் குஞ்சு பொரிப்பு வெற்றி கண்டது. கடலில் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் தொழில் இன்று கரையோரக் குடும்பங்களுக்கு மாற்று வருமானமாகிறது. ஆழ்கடலில் சூரை போன்ற வளங்களுக்கும் வாய்ப்புண்டு. ஆனால் பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் தொழிலுக்கு ஏற்ற படகு, பயிற்சி, பிடித்த மீனைக் கெடாமல் கரை சேர்க்கும் குளிர்வசதி, நியாயமான விலை ஆகிய நான்கும் சேர்ந்து கிடைக்காமல், கரைக்கடலில் நெருக்கியடிக்கும் மீனவரை அங்கே போகச் சொல்வது முறையல்ல.

பவள விழாவைக் கடந்துவிட்ட இந்நிறுவனத்துக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு, அது தரும் கணக்கை மதிப்பதுதான். கடலோர மாநிலங்கள் அனைத்தும் ஒரே குறைந்தபட்ச அளவுச் சட்டத்தை இயற்ற வேண்டும். விதிகளை வகுக்கும் அவைகளில் மீனவருக்கு இடம் தர வேண்டும். படகு உரிமையாளரும் வணிகரும் குஞ்சு மீனை வாங்கவும் விற்கவும் மறுக்க வேண்டும். இதைச் செய்தால் அடுத்த தலைமுறைக்கும் தொழில் இருக்கும்.