பெரிய ரவையா, சின்ன ரவையா? பழைய வேட்டைக்காரர் சொன்னதும் சொல்லாததும்



நேரில் கண்டவர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒரு கூற்று முழு உண்மையாகிவிடாது. வரலாற்றுப் பாடத்தில் நாம் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வது இது. இதை விளங்கப்படுத்த நல்லதோர் உதாரணம், ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் தமது துவக்கு ரவைகளைப் பற்றி எழுதிவைத்த அபிப்பிராயங்கள். எல்லோரும் யானைக்கு முன்னால் நின்றவர்கள்தான். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார்.

கதையை எமது நாட்டிலிருந்தே தொடங்கலாம். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் பெரிய துவக்கின் கட்சி. அக்காலத்தில் வேட்டைத் துவக்கின் அளவை இறாத்தலை வைத்தே கணக்கிட்டார்கள். ஓர் இறாத்தல் ஈயத்தில் துவக்கின் வாய்க்குச் சரியான எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ, அதுவே அதன் 'போர்' எண். நாலாம் போர் என்றால் ஓர் உருண்டை கால் இறாத்தல், சுமார் 113 கிராம். கறுப்பு வெடிமருந்தால் சன்னத்தின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. ஆகவே பலம் வேண்டுமென்றால் பாரத்தைக் கூட்டத்தான் வேண்டும். பேக்கரின் துவக்கொன்று 21 இறாத்தல் நிறை கொண்டது.

அதற்கான விலையைத் தோள் கொடுத்தது. 1871இல் தென்னாபிரிக்கா சென்ற பிரெட்ரிக் செலூஸ், இளவயதில் நாலாம் போர் துவக்குகளால் யானை வேட்டையாடியவர். அவற்றின் உதை தன் நரம்புகளைப் பாதித்து, குறியையே கெடுத்துவிட்டதாகப் பின்னர் எழுதினார்.

1884இல் பிரான்ஸில் போல் வியேய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கியதும் நிலைமை தலைகீழானது. வேகம் கூடியது. ஈயம் நசியாமல் இருக்க உலோக உறை வந்தது. சன்னம் மெலிந்து நீண்டது. ஜெர்மனியின் மௌசர் 1892இல் 7×57 மி.மீ. இராணுவ ரவையை வடிவமைத்தார். இங்கிலாந்தின் ரிக்பி நிறுவனம் அதையே .275 என்ற பெயரில் வேட்டைக்காரருக்கு விற்றது. அதே ரிக்பி 1898இல் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய ரவையையும் கொண்டுவந்தது. 1905இல் பேர்லினில் ஒட்டோ பொக் 9.3×62 ரவையையும், 1912இல் லண்டனில் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் .375 ரவையையும் தந்தனர். விவாதம் சூடுபிடித்தது.

ஸ்கொட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பாலானவை அந்தச் சின்ன 7 மி.மீ. ரவைக்கே விழுந்தன. அதன் சன்னம் சுமார் 11 கிராம். பேக்கர் காலத்து நாலாம் போர் உருண்டையில் பத்திலொரு பங்கு. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் சுட்டால் அதை அடையலாம் என்று படித்தவர் அவர். சன்னம் எவ்வளவு பெரியது என்பதல்ல, எங்கே போகிறது என்பதே முக்கியம் என்பது அவர் வாதம்.

'பொண்டோரோ' என்று அறியப்பட்ட ஜோன் டெய்லர் இதை ஏற்கவில்லை. 1948இல் வெளிவந்த அவரது நூல் ஒரு கணக்கை முன்வைக்கிறது: சன்னத்தின் நிறை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி ஓர் 'அடி' மதிப்பெண். அந்தக் கணக்கில் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், 7 மி.மீ. ரவையைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வரும். தலையில் பட்டும் மூளையைத் தவறவிட்ட சன்னம் யானையைத் தடுமாற வைக்குமா என்பதே அவர் கவலை.

இருவரில் யார் சரி? கொஞ்சம் நிதானித்து வாசித்தால், இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது விளங்கும். சன்னம் மூளையைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதைப் பெல் சொல்கிறார். தொடாவிட்டால் என்ன நடக்கும் என்பதை டெய்லர் சொல்கிறார். இடமும் வேறு. பெல்லின் பேர்பெற்ற வேட்டைகள் உகண்டாவின் கரமோஜாவில், திறந்த வெளியில், துவக்குச் சத்தத்துக்கு அவ்வளவாகப் பழகாத யானைகளிடையே நடந்தவை. டெய்லர் நெருங்கிய பற்றைக்காட்டுக்குள், சில அடி தூரத்தில் எதிர்ப்படும் மிருகத்தை நினைத்து எழுதுகிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சின்ன ரவையோடு போய் யானையின் காலடியில் முடிந்தவர் புத்தகம் எழுதவில்லை. எமக்குக் கிடைப்பது தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியம் மட்டுமே. பின்னாளில் ஆபிரிக்க நாடுகள் பல, ஆபத்தான மிருகங்களுக்கு .375ஐக் குறைந்தபட்ச அளவாகச் சட்டமாக்கின. பெல் திறமையற்றவர் என்பதல்ல காரணம். எல்லோரும் பெல் அல்ல என்பதே காரணம்.

இந்த வாதத்தில் ஒரு தரப்பு மட்டும் பேசவே இல்லை. பெல்லின் ஓர் அபிப்பிராயத்துக்குப் பின்னால் ஆயிரம் யானைகள் கிடக்கின்றன. எமது நாட்டிலோ அன்று யானையைக் கொன்றவருக்கு அரசே வெகுமதி கொடுத்தது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளபடி, 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டன. காயத்தோடு காட்டுக்குள் போய் மடிந்தவை இந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே, "முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன்" என்று யாராவது எதைச் சொன்னாலும், மறுக்கவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். எந்த இடத்தில், எந்தக் கேள்விக்கு, யாருடைய செலவில் பெற்ற அனுபவம் என்று கேட்க எமது பிள்ளைகளைப் பழக்குவோம்.

உங்கள் ஊரில் பழைய வேட்டைக் கதைகள் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். கேட்கும்போது இந்த மூன்று கேள்விகளையும் மறக்க வேண்டாம்.