இதயத்துக்கு ஒரு கதவு, அரசாங்கக் காசில்

நான் படித்தது பி.காம். இதயத்தில் நாலு அறை, நாலு வால்வு என்பதோடு என் மருத்துவ அறிவு முடிந்துவிடும். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷம் முடங்கிக் கிடந்தது, திரும்பி வந்ததா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சித்ரா வால்வின் கதையைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக் கதைதானே என்று நகர்ந்துவிடாதீர்கள், இதில் ஆடு, அரண்மனை, குக்கர் கம்பெனி எல்லாம் வருகிறது :-)

முதலில் நோய். சின்ன வயதில் வரும் தொண்டைப்புண் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, இதய வால்வைத் தின்றுவிடும். நேரத்துக்கு பெனிசிலின் போட்டால் தடுக்கலாம். போடாமல் விடப்படுவது பெரும்பாலும் நெருக்கடியான வீட்டில் வளரும் ஏழைப் பிள்ளைகள். இருபது வயதில் மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். வால்வை மாற்றினால் பிழைக்கலாம். ஆனால் 1970களில் செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அந்நியச் செலாவணிக்குக் கெடுபிடி இருந்த காலம் (1973 ஃபெரா சட்டத்தைப் பரிட்சைக்கு உருப்போட்டவர்களுக்குத் தெரியும்). வைத்தியர் இருந்தார், நோயாளி இருந்தார், நடுவில் வைக்க வேண்டிய சாமான்தான் இல்லை.

1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் திருவனந்தபுரத்தில் ஒரு பல மாடிக் கட்டடத்தைக் கேரள அரசுக்குத் தானமாகக் கொடுத்தது. அங்கே உயர்தர ஆஸ்பத்திரி அமைக்க இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் வந்தார். 1976-ல் ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தது. கூடவே அவர் இன்னொன்றும் கேட்டார்: வைத்தியம் பார்க்கும் இடத்திலேயே கருவி செய்யும் எஞ்சினியர்களும் வேண்டும். அதற்கு பூஜப்புராவில் இருந்த சாட்டல்மண்ட் அரண்மனை கிடைத்தது. ராஜா வீட்டுக்குள் ரசாயனக்கூடமும் பட்டறையும்!

1980-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு இதைத் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக்கியது. பணம் சுகாதாரத் துறையிலிருந்து அல்ல, அறிவியல் தொழில்நுட்பத் துறையிலிருந்து வந்தது. கணக்குப் பிள்ளைக்கு இது முக்கியம். சுகாதார பட்ஜெட்டில் இருந்திருந்தால் கட்டில் வாங்கு, மருந்து வாங்கு என்று அவசரச் செலவுகள் இந்த ஆராய்ச்சியை விழுங்கியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் மருத்துவப் படமெடுப்புக்கும் உயிரிப் பொறியியலுக்கும் என்றே தனி தேசிய ஆராய்ச்சி நிலையம் அமைக்கும் சட்டத்தில் கிளிண்டன் கையெழுத்திட்டது 2000 டிசம்பரில்தான். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். யோசனையில் நாம் பின்தங்கியிருக்கவில்லை.

இனி வால்வு. ஒரு உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தகடு. அவ்வளவுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் நாளைக்கு 1,03,680. வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம். ஒரு தடவைகூட ஒட்டக்கூடாது, உடையக்கூடாது, ரத்தத்தை உறைய வைக்கக்கூடாது. நம் வீட்டுக் கதவு வருஷத்துக்கு எத்தனை தடவை திறக்கிறது? அதற்கே கீல் கிரீச்சிடுகிறது.

ஜி.எஸ். புவனேஸ்வர் தலைமையில் எஞ்சினியர்கள் செய்த முதல் மாடலில் பற்றவைத்த இடம் பலவீனமாகி, தகட்டைத் தாங்கும் கம்பி முறிந்தது. இது சில்லறை விஷயமில்லை. அதே காலத்தில் பியோர்க்-ஷைலி என்ற பேர்போன வெளிநாட்டு வால்வின் ஒரு வகை, இதே மாதிரி பற்றவைத்த கம்பி முறிந்து பல உயிர்களை வாங்கி, 1986-ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நம்மவர்களுடையது பட்டறையிலேயே முறிந்தது, மனித நெஞ்சுக்குள் அல்ல.

இரண்டாவது மாடலில் டைட்டானியக் கூடு, செயற்கை நீலக்கல் தகடு. கல் கடினம், அது கூட்டையே தேய்த்துவிட்டது. மூன்றாவதில் கூட்டை ஹெய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலப்பு உலோகத்துக்கு மாற்றினார்கள். தேய்மானச் சோதனையில் தேறியது. ஆட்டுக்குப் பொருத்தினார்கள். சில மாதத்தில் ஆட்டின் உடம்புக்குள் நீலக்கல் தகடு உடைந்தது. நான்காவதில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பயன்படும் உறுதியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் தகடு செய்தார்கள். அது நின்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இப்போது பேங்க்காரனாகக் கேட்கிறேன். பத்து வருஷத்துக்கும் மேல் ஒரு ரூபாய் வரவு கிடையாது. மூன்று முறை தோல்வி. அடமானம் வைக்க ஒரு செத்த ஆடும் உடைந்த கல்லும். இந்த ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தால்? வட்டி 90 நாள் வராவிட்டால் வாராக்கடன் என்று எழுதும் ஆள் நான். எந்த வங்கியும் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது, அது டெபாசிட்தாரர் பணம். வரிப்பணம் ஒன்றுதான் இதைத் தாங்கும்.

செய்து முடித்ததை யார் தயாரிப்பது? இங்கேதான் நம் ஊர் வருகிறது. சென்னையின் டிடிகே குழுமம் தொழில்நுட்பத்தை வாங்கித் தயாரிப்பில் இறங்கியது. ஆமாம், பிரெஸ்டீஜ் குக்கர் டிடிகேதான். நிறுவனர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோதுதான் 1964-ல் ஐடிபிஐ பிறந்தது என்பது எங்கள் தொழில்காரர்களுக்கு உபரித் தகவல். டிடிகே சித்ரா வால்வு இறக்குமதிச் சரக்கைவிட வெகு மலிவாக வந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள்.

அதில் ஒருத்தி என் பெரியம்மா பேத்தி, நாகர்கோவில்காரி. இறக்குமதி வால்வுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் பெரியப்பா வயலை விற்றிருப்பார். விற்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்ற தொல்லை உண்டு, அது எந்த உலோக வால்வுக்கும் உள்ளதுதான்.

எல்லா அரசு ஆராய்ச்சியும் இப்படி முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இதே சித்ராவின் ரத்தப்பை தொழில்நுட்பம் திருவனந்தபுரத்து பென்போல் மூலம் ஜெயித்தது. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் பெரும்பாலும் இன்றும் கப்பலில் வந்தவைதான். ஸ்கேன் பில்லைப் பார்க்கும்போது இது ஞாபகம் வரட்டும்.

வலியத்தான் 1994 வரை சித்ராவை நடத்தினார். பிறகு மணிப்பால் போய் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார், சரகர், சுஸ்ருதர், வாக்படர் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 2005-ல் பத்மவிபூஷண். 2024 ஜூலை 17 அன்று மணிப்பாலில் காலமானபோது அவருக்கு வயது 90.