பதினைந்து என்னும் எண்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தைப் பற்றி எழுதுவோர் தவறாது எடுத்தாளும் புள்ளிவிவரம் ஒன்றுண்டு. 1842இல் எட்வின் சாட்விக் அளித்த சுகாதார அறிக்கையில் வருவது அது. லிவர்பூலில் இறந்தோரின் சராசரி வயது கனவான் குடும்பங்களில் 35, வணிகர் குடும்பங்களில் 22, தொழிலாளர் குடும்பங்களில் 15. ரட்லண்ட் என்னும் நாட்டுப்புற மாவட்டத்திலோ தொழிலாளருக்கே 38.

லிவர்பூல் தொழிலாளி பதினைந்து வயதில் மாண்டான் என்றே நாமும் வெகுகாலம் இதைப் படித்து வந்தோம். வகுப்பிலும் அவ்வாறே சொன்னோம். அது பிழை. பதினைந்து வயதில் இறந்தவர் சொற்பம். அந்நகரத் தொழிலாளர் குடும்பச் சாவுகளில் நூற்றுக்கு 62 ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுடையவை என்பதை அதே அறிக்கை கூறுகிறது. அக்குழந்தைகளின் வயதைச் சராசரியாக ஒன்றரை என்று வைத்துக் கணக்கிட்டால், எஞ்சியோரின் சராசரி ஏறத்தாழ 37 ஆகிறது. சராசரி என்பது தொட்டிலையும் முதியவரின் கட்டிலையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து, எவரும் சாகாத ஒரு வயதைக் காட்டிவிடுகிறது.

இந்த அளவுகோலின் குறையை நெய்சன் என்னும் காப்பீட்டுக் கணக்கர் 1844இலேயே எடுத்துக்காட்டினார். பிறப்பு மிகுந்த, இளையோர் நிறைந்த ஊரில் இறந்தோரின் சராசரி வயது தானாகவே தாழும். அதை மட்டும் கொண்டு ஊரின் நலத்தை எடைபோட இயலாது. அப்படியானால் சாட்விக் மிகைப்படுத்தினாரா? முழுவதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. பதிவுத்துறையின் வில்லியம் ஃபார், உயிரோடிருப்போரின் தொகையையும் சேர்த்து முறைப்படி ஆயுள் அட்டவணை அமைத்தார். அதன்படி பிறக்கும் குழந்தை எதிர்பார்க்கத்தக்க ஆயுள் சரே மாவட்டத்தில் 45 ஆண்டு, லிவர்பூலில் 26. கணக்கைத் திருத்திய பின்னும் பத்தொன்பது ஆண்டு இடைவெளி நின்றது.

காரணம் குடியிருப்பில் இருந்தது. தெருமட்டத்துக்குக் கீழே வடிகாலற்ற நிலவறைகள். குறுகிய முற்றத்தைச் சூழ நெருக்கியடித்த வீடுகள். பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பிடம். இருந்தும் ஊர் பெருத்துக்கொண்டே போனது. 1841இல் சுமார் 2,86,000 ஆக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 3,76,000. துறைமுகத்தில் வந்திறங்கியோர் சாவின் பள்ளத்தை நிரப்பினர். பஞ்சத்துக்குத் தப்பி 1847இல் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் ஐரிஷ் மக்கள் வந்தனர். பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர், எஞ்சியோரிடையே டைஃபஸ் காய்ச்சல் பரவியது. அவ்வாண்டின் முதல் நாளில்தான் மருத்துவர் டங்கன் நகரின் சுகாதார அதிகாரியாகப் பொறுப்பேற்றிருந்தார். இங்கிலாந்தில் அப்பதவியை வகித்த முதல் மனிதர் அவர்.

1848இன் பொதுச் சுகாதாரச் சட்டம் ஓர் எல்லை வகுத்தது. ஏழாண்டுச் சராசரியில் ஆயிரத்துக்கு 23 பேருக்கு மேல் இறக்கும் ஊரில், வரிசெலுத்துவோர் கேளாமலே சுகாதாரக் குழு அமைக்கலாம். 22 பேர் இறக்கும் ஊரோ விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான்! ஃபார் இதை ஏற்கவில்லை. நலமான மாவட்டங்களில் ஆயிரத்துக்கு 17 பேரே இறப்பதைக் காட்டி, அதற்கு மேற்பட்டவற்றைத் தடுத்திருக்கக்கூடிய சாவுகளாகவே எண்ணினார்.