அச்சே

அச்சே, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் வடமேற்கு முனையில் உள்ள மாநிலம். தலைநகர் பண்டா அச்சே. மேற்கிலிருந்து மலாக்கா நீரிணைக்குள் நுழையும் கப்பல்களுக்கு இதுவே முதல் கரை. அச்சே மக்களின் சமயம், கல்வி, அரசு, போர் அனைத்திலும் இந்தக் கடல்வழியின் தடம் உண்டு.

தொடக்கக் காலம்

1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் ராஜேந்திர சோழன் வென்ற இடங்களுள் ஒன்றாக அவனது மெய்க்கீர்த்தி கூறும் இலாமுரிதேசம் இப்பகுதியில் இருந்தது. பண்டா அச்சேயின் நெயுசு பகுதியில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்துள்ளது.

இஸ்லாத்தின் வருகை

1292இல் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, பெர்லாக் துறைமுக மக்கள் வணிகர்களின் தொடர்பால் இஸ்லாத்தைத் தழுவியிருந்ததைப் பதிவு செய்தார். இப்பகுதியில் இருந்த பசை நாட்டின் சுல்தான் மாலிக் அல்-சாலிஹின் கல்லறையில் 1297ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அதே நாட்டை ஆண்ட அரசி நஹ்ராசியா 1428இல் மறைந்தார். குஜராத்தின் காம்பே துறைமுகத்திலிருந்து வந்த பளிங்கில் அமைந்த அவரது கல்லறையில் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் செதுக்கப்பட்டிருக்கிறது. மலாய் அரசிக்கு, இந்தியப் பளிங்கில், அரபு எழுத்தில் அமைந்த நினைவுச்சின்னம் அது.

சுல்தான்களும் அரசிகளும்

1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியதும் முஸ்லிம் வணிகர் பலர் அச்சேக்கு இடம் மாறினர். அச்சே சுல்தான் அலி முகாயத் ஷா 1524இல் பசையை வென்று பேரரசுக்கு அடித்தளமிட்டார். மிளகு வணிகம் கருவூலத்தை நிரப்பியது. போர்ச்சுகீசியரை எதிர்க்க உதவி கேட்டு 1560களில் இஸ்தான்புலுக்குத் தூதர்கள் சென்றனர். உதவிக்கென ஒதுக்கப்பட்ட துருக்கிக் கப்பற்படை ஏமன் கிளர்ச்சியை அடக்கத் திருப்பப்பட்டது. பீரங்கி வல்லுநர்கள் மட்டும் அச்சேக்கு வந்தனர். இஸ்கந்தர் முடா (1607–1636) காலத்தில் பஹாங், கெடா, பேராக் வரை அதிகாரம் பரவியது. 1629இல் மலாக்காவைத் தாக்கியபோது அவரது கப்பற்படை பேரழிவுக்கு உள்ளானது.

1641 முதல் 1699 வரை நான்கு அரசிகள் தொடர்ந்து ஆண்டனர். முதல் அரசி சஃபியத்துதீனின் ஆதரவில், அரபு நாட்டில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் பயின்று திரும்பிய அப்துர்ரவூஃப், மலாய் மொழியில் சமயச் சட்ட நூல் எழுதினார். குர்ஆன் முழுமைக்கும் மலாய் விரிவுரை தந்தவரும் அவரே. ஹஜ் செல்வோர் கப்பலேறும் துறையாகவும் கல்விக் கூடமாகவும் விளங்கிய அச்சே, ‘மக்காவின் முன்றில்’ எனப் புகழ்பெற்றது.

போரும் அமைதியும்

1871இல் டச்சு விரிவாக்கத்துக்கான தன் எதிர்ப்பைப் பிரிட்டன் கைவிட்டதால் டச்சுக்காரர் 1873இல் படையெடுத்தனர். பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் அருகே அவர்களின் தளபதி கோலர் சுட்டுக் கொல்லப்பட்டார். போரில் எரிந்த அப்பள்ளிவாசலை டச்சு அரசே 1881இல் மீண்டும் கட்டி முடித்தது. சுல்தான் 1903இல் பணிந்த பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. கணவர் தெயுக்கு உமர் 1899இல் வீழ்ந்தபின் போரைத் தொடர்ந்த சுட் ஞாக் தியென், நாடுகடத்தப்பட்டு 1908இல் ஜாவாவில் மறைந்தார்.

இந்தோனேசிய விடுதலைக்குப் பின் 1953இலும் 1976இலும் மத்திய அரசுக்கு எதிராகக் கிளர்ச்சிகள் எழுந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை அச்சே இழந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சின்கியில் அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே அமைதி உடன்பாடு கையெழுத்தானது. இன்று தனிச் சுயாட்சி பெற்ற அச்சேயில் ஷரியத் சட்டம் நடைமுறையில் உள்ளது. உள்ளூர்க் கட்சிகளும் தேர்தலில் போட்டியிடுகின்றன.