பாலில் நூற்ற கம்பளி

கம்பளி பின்னுகிறவர் ஒருவர் இன்று மேலைநாட்டு நூற்கடை ஒன்றில் நுழைந்தால், வந்தது நூற்கடைக்கா மளிகைக்கடைக்கா என்று சற்றே திகைக்க நேரும். பால், சோயா, சோளம், மூங்கில் என நூற்கண்டுகளின் சீட்டுகள் அறிவிக்கின்றன. ஆட்டு ரோமத்தையே அறிந்த விரல்களுக்கு இத்திகைப்பு இயல்பானதுதான். ஆனால் இவையெல்லாம் நேற்றைய கண்டுபிடிப்புகள் என்று நாம் எண்ணினால் அது பிழை.

1935 அக்டோபரில் முசோலினியின் படைகள் எத்தியோப்பியாவுக்குள் புகுந்தன. நவம்பரில் சர்வதேச சங்கம் இத்தாலியின்மீது பொருளாதாரத் தடை விதித்தது. கம்பளிக்குப் பிறநாடுகளை நம்பியிருந்த இத்தாலி, தன்னிறைவு என்ற கோஷத்தை உரக்க முழங்கியது. அந்த ஆண்டுகளில்தான் அந்தோனியோ ஃபெரெத்தி பாலிலிருந்து இழையெடுக்கும் முறையை வகுத்தார். ஸ்னியா விஸ்கோசா நிறுவனம் அதை 'லானிடால்' என்ற பெயரில் உற்பத்தி செய்தது. லானா என்றால் கம்பளி, எஞ்சியது இத்தாலி.

வெண்ணெய் எடுத்த பாலில் அமிலம் சேர்த்தால் கேசீன் என்னும் புரதம் திரிந்து பிரியும். அதைக் காரத்தில் கரைத்துப் பாகாக்கி, நுண்துளைகளின் வழியே அமிலத்தொட்டிக்குள் பிழிவார்கள். ஏறக்குறைய நம் இடியாப்பம்தான். பின்னர் ஃபார்மால்டிஹைடு கொண்டு இழையை இறுகச் செய்வார்கள். ரோமமும் புரதம், கேசீனும் புரதம் என்பதே இதன் தர்க்கம். கைக்கு மென்மையும் உடலுக்குக் கதகதப்பும் தந்த அவ்விழை, நனைந்தால் வலுவிழந்தது. புளித்த பாலின் வாடையும் வீசியது.

இதைப் பாட ஒரு கவிஞரும் வாய்த்தார். எதிர்காலவாத இயக்கத்தைத் தொடங்கிய மாரினெத்தி, 1937இல் பால் ஆடையைப் போற்றி ஒரு கவிதை எழுதினார். (தமிழில் சேர்த்து எழுதினால் 'பாலாடை' ஆகி வேறு பொருள் தந்துவிடும்!) எத்தியோப்பியப் போருக்குத் தாமே விரும்பிச் சென்று வந்தவர் அவர். அப்போரில் இத்தாலிய விமானங்கள் மக்கள்மீது கடுகுவாயுவைத் தெளித்தன. பாலின் வெண்மையைப் பாடிய அக்கவிதையை இதை மறந்துவிட்டு வாசிக்க நம்மால் இயலவில்லை.

பிறநாடுகளும் பின்தங்கவில்லை. அமெரிக்காவில் பாலிழை 'அராலாக்' ஆயிற்று. 1941இல் ஹென்றி ஃபோர்டு சோயா இழை கலந்த உடையணிந்து புகைப்படத்துக்கு நின்றார். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் நிலக்கடலையிலிருந்து 'ஆர்டில்' என்னும் இழை செய்தார்கள். அந்த ஆலை 1957இல் நின்றது. நைலானும் அதன் உறவினர்களும் இவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டன. பஞ்சத்தின் பிள்ளைகளான இவ்விழைகளே இப்போது ஆடம்பரமாகத் திரும்பியிருக்கின்றன.

மூங்கிலின் கதை வேறு. சந்தையில் கிடைக்கும் மூங்கில் நூலில் பெரும்பகுதி, 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையில் செய்த ரேயான்தான். மூங்கிற்கூழை எரிகாரத்திலும், தொழிலாளரின் நரம்புகளைச் சிதைக்கவல்ல கார்பன் டைசல்ஃபைடிலும் பதப்படுத்தி இழையாக்குகிறார்கள். 2009இல் அமெரிக்க வணிக ஆணையம் இதை வெறும் 'மூங்கில்' என்று விற்ற சிலர்மீது நடவடிக்கை எடுத்தது. 'மூங்கிலிலிருந்து செய்த ரேயான்' என்று சீட்டில் எழுத வேண்டும் என்றது. பின்னுகிறவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த இரண்டாவது சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது.