பளைக்கு வந்த டீசல்

இலங்கையின் வடக்கே உள்ள பளையில் டீசலைப் பற்றிய கேள்வி எப்போதும் ஒன்றாகத்தான் இருந்தது: வந்ததா, வரவில்லையா? 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெட்ரோல். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மறுபடி வரிசை, கியூஆர் குறியீட்டில் கோட்டா. வந்த டீசலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அவகாசமே கிடைத்ததில்லை. இப்போது கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

இந்த டீசல் மசகெண்ணெயாகப் பிறந்தது. 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்திலோ வெளிநாட்டிலோ அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். ஏறக்குறைய 180 முதல் 360 பாகை செல்சியஸுக்குள் ஆவியாகும் பங்குதான் டீசல். அதில் சங்கிலி போல் நீண்ட மூலக்கூறுகள் எஞ்சினில் சட்டென்று பற்றும். பென்சீன் வளையமுள்ள அரோமற்றிக் சேர்வைகள் பற்றச் சுணங்கும். இரண்டு வளையம் ஒட்டினால் நப்தலீன். உடுப்பு அலுமாரிக்குள் போடும் வெள்ளை உருண்டை அதுதான். வளையம் கூடக் கூட, எரிந்து முடியாமல் ஒன்றோடொன்று சேர்ந்து கரியாகும். பாரம் இழுக்கும் உழவு இயந்திரம் கறுப்பாகப் புகைப்பதற்கு பழுதான இன்ஜெக்டர், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் எல்லாம் காரணம்தான். எரிபொருளுக்கும் அதில் பங்குண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது.

அரோமற்றிக் அளவைப் பார்க்கும் பழைய முறை கண்ணுக்கே தெரியும். சிலிக்கா ஜெல் அடைத்த ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் சாயத்தோடு மாதிரியை விட்டு, பின்னால் ஐசோபுரொப்பைல் அற்ககோலை ஊற்றித் தள்ளுவார்கள். புறஊதா விளக்கைப் பிடித்தால் அரோமற்றிக் பகுதி நீலமாக ஒளிரும். அந்த நீலப் பட்டையின் நீளத்திலிருந்து சதவீதத்தைக் கணக்கிடலாம். மண்ணெண்ணெய்க்கு இது போதும். டீசலின் பாரமான பங்கு 315 பாகைக்கு மேலும் கொதிப்பதால் அதற்கு இம்முறை பொருந்தாது.

அதனால் டீசலை ஹெப்டேனில் கரைத்து, திரவ நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். சங்கிலிகள் முதலில் வெளியே வரும். பிறகு ஒற்றை வளையம், அதன் பின் இரட்டை. மூன்றும் அதற்கு மேலும் வளையம் உள்ளவை உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் அவற்றைக் கழுவி எடுக்க வேண்டும். ஐரோப்பாவில் டீசலின் பல்வளைய அரோமற்றிக் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கலிஃபோர்னியா 1993இலேயே மொத்த அரோமற்றிக்குக்கு 10 சதவீத வரம்பு வைத்தது.

கொழும்பில் இந்தச் சோதனைக்கு மாதிரி எடுத்தாலும், அது கொழும்புத் தாங்கியைப் பற்றித்தான் சொல்லும். அதன் பிறகு பவுசர், நீண்ட வீதி, இன்னொரு தாங்கி. கலப்படம் நடக்கக்கூடிய இடங்கள் இவை. பளைத் தாங்கியின் மேல், நடு, அடி மட்டங்களிலிருந்தும் இடைக்கிடை மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். வரும் முடிவை விலைப் பலகையிலேயே, விலைக்குக் கீழே எழுதி வைக்க வேண்டும்.