420க்கு இங்கிலாந்தில் இடமில்லை

"அவன் சரியான 420ப்பா!" மோசடிக்காரனுக்கு நம்ம ஊர் வச்ச பேரே ஒரு சட்டப் பிரிவின் எண்தான். இப்படி ஒரு வசவு இங்கிலாந்தில் பிறக்க வழியே இல்லை. குற்றங்களையெல்லாம் திரட்டி, வரிசையாக எண் போட்ட ஒரே சட்டம் அங்கே இன்றுவரை கிடையாது. நமக்குத் தண்டனைச் சட்டம் எழுதித் தந்ததே அவங்கதானே, பிறகு எப்படி? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

1834ல் மெக்காலே சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்போது ஊட்டியில் இருந்ததால், நேரே மலையேறினார். அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837ல் வரைவை முடித்தது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அது தூங்கியது. 1857 கிளர்ச்சிக்குப் பின் 1860ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. மொத்தம் 511 பிரிவுகள். மெக்காலே அதைப் பார்க்கவில்லை, 1859 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

இங்கிலாந்தும் முயற்சி செய்யாமல் இல்லை. 1833லேயே ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1861ல் திருட்டு, கள்ள ஆவணம், உடல் காயம் என்று தனித்தனிச் சட்டங்களாகத் தொகுத்ததோடு நின்றது. 1878ல் ஜேம்ஸ் ஸ்டீபன் முழுத் தொகுப்பு ஒன்றை எழுதினார். தலைமை நீதிபதி காக்பர்ன் குறை சொன்னார், நாடாளுமன்றத்தில் மசோதா கரை சேரவில்லை. அதே வரைவை அடிப்படையாக வைத்து கனடா 1892ல் தன் குற்றவியல் சட்டத்தை இயற்றிவிட்டது! இங்கிலாந்தில் கொலைக்குக்கூட இன்றும் சட்டப் புத்தகத்தில் இலக்கணம் இல்லை. நீதிபதிகள் வழிவழியாகச் சொல்லி வந்ததுதான்.

இந்த ஸ்டீபன் அதற்கு முன்னால் கல்கத்தாவில் அரசின் சட்ட உறுப்பினராக இருந்தவர். 1870ல், 1860ஆம் வருஷச் சட்டத்தில் இல்லாத 124ஏ என்ற ராஜதுரோகப் பிரிவை அவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே பெரிய தடை எதுவும் வரவில்லை. அந்தப் பிரிவில்தான் 1908ல் வ.உ.சி. தண்டிக்கப்பட்டார், 1922ல் காந்தியும்.

ஒரே மனிதர். லண்டனில் அவர் மசோதா முடங்கியது, கல்கத்தாவில் சுலபமா நிறைவேறியது. என்ன வித்தியாசம்? லண்டனில் கேள்வி கேட்க நீதிபதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் இருந்தார்கள். இங்கே ஒரு சின்ன சபை கைதூக்கினால் போதும், ஆளப்படுகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

எது குற்றம்னு சாமானியனும் ஒரே புத்தகத்தில் பார்க்கலாம் என்பது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தெளிவு நமக்குச் சீக்கிரம் கிடைத்ததற்கு, நமக்குக் குரல் இல்லாமல் இருந்ததும் ஒரு காரணம். தெளிவான சட்டம் வேறு, சம்மதத்தோடு வந்த சட்டம் வேறு.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் மோசடி 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. திட்டும்போது மட்டும் நமக்கு இன்னும் 420தான் வருது.